மிளகு காயும் ஊரில் காயாத பிரஷ்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எதுவும் லேசில் காயாது. கொடியில் போட்ட பள்ளிச் சீருடை இரண்டாம் நாளும் சில்லென்றே இருக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். ஜாடியில் உப்பு கசிந்து நிற்கும். டப்பாவிலிருந்து எடுத்த பப்படம் ஒடியாமல் வளையும். அம்மாக்களும் பாட்டிகளும் மழையைத் திட்டிக்கொண்டே அடுப்படியில் கொடி கட்டுவார்கள், உப்பு ஜாடியில் அரிசி போடுவார்கள். ஆனால் அதே வீட்டில், அதே ஈரத்தில், ஒரு பொருள் மாதக் கணக்கில் காயாமலே இருக்கிறது. அதை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நம் வாய்க்குள் போகிற பொருள் அது.

உங்கள் பல் பிரஷ்தான்.

நம்பிக்கை வரவில்லையா? படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்த் தொட்டுப் பாருங்கள். முதலில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இழைகளின் நுனி காய்ந்திருக்கும். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். இழைகளை லேசாக விலக்கி, தலைப்பலகையோடு சேரும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். பிரஷ் நிற்கும் டம்ளரின் அடியையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தாயிற்றா? டம்ளர் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன் ஓரத்தில் வழவழப்பாகக் கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு படலம். பல வீடுகளில் இதுதான் நிலைமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் பூஞ்சை. குளியலறை ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் படர்வது பல நேரம் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கும். ஈரமும் சோப்பு நுரையின் மிச்சமும் இருந்தால் போதும், அது குடும்பம் நடத்தும்.

இனி பிரஷ்ஷின் தலையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பழைய பிரஷ்ஷும் பூதக்கண்ணாடியும் வேண்டும். வரிசை வரிசையாக முப்பது நாற்பது குஞ்சங்கள் தெரியும். ஒவ்வொரு குஞ்சத்திலும் பல பத்து நைலான் இழைகள். பெரும்பாலான பிரஷ்களில் இழைக்கற்றையை நடுவில் மடித்துத் துளைக்குள் செருகி, ஒரு சின்னஞ்சிறு உலோகத் தகட்டால் இறுக்கியிருப்பார்கள். இந்தத் தகட்டை நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. துளைக்கும் கற்றைக்கும் நடுவில் இடுக்கு. இழைக்கும் இழைக்கும் நடுவில் அதைவிட மெல்லிய இடுக்கு. தண்ணீருக்கு இப்படிப்பட்ட இடுக்கென்றால் கொள்ளை ஆசை. தானாக உள்ளே ஏறி ஒட்டிக்கொள்ளும். நுண்புழை நுழைவு என்று பள்ளியில் படிப்பீர்களே, அதேதான். நுனி காய்ந்து அடி காயாமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஓர் இழையின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ஒரு பாக்டீரியாவின் அகலம் சுமாராக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அந்த ஒற்றை இழையின் குறுக்கே மட்டும் 200 பாக்டீரியாக்கள் தோளோடு தோள் உரசி நிற்கலாம். அவற்றுக்கு உங்கள் பிரஷ் ஒரு பெரிய காடு.

காட்டுக்குள் யார் யார் வருகிறார்கள்? முதல் கூட்டம் உங்கள் வாயிலிருந்தே வருகிறது. மனித வாயில் வாழும் பாக்டீரியாக்களில் சுமார் 700 வகைகளை இதுவரை கண்டறிந்திருக்கிறார்கள். ஒருவர் வாயில் ஒரே சமயத்தில் அத்தனையும் இருக்காது. பல் தேய்க்கும்போது அவற்றில் ஒரு பகுதி எச்சில், சோற்றுத் துணுக்கு, பேஸ்ட் நுரை ஆகியவற்றோடு பிரஷ்ஷில் ஏறிக்கொள்கிறது. அடுத்த கூட்டம் உங்கள் கையிலிருந்தும் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் தம்பியின் பிரஷ்ஷிலிருந்தும் வருகிறது. கழிவறையும் குளியலறையும் ஒன்றாக இருக்கும் வீடு என்றால் அங்கிருந்தும் சில பேர் வரக்கூடும்.

இந்த உயிர்களை முதன்முதலில் பார்த்தவர் யார் என்று கேட்டால் கதை மிளகில் தொடங்குகிறது. மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

1663-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் குறி வைத்தது மிளகைத்தான். மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று ஒன்று இருக்கிறதே, அதை 1555 வாக்கில் கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்கே போய்விட்டது. ஹென்ட்ரிக் வான் ரீட் என்ற டச்சு ஆளுநர் இங்கே இருந்தபோது இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரையும் மூன்று கொங்கணி வைத்தியர்களையும் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியின் செடிகொடிகளைப் பற்றி ஒரு மாபெரும் நூலைத் தொகுத்தார். ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்று பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது.

அதே காலத்தில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வணிகர் இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பெல்லாம் இல்லை. ஆனால் குண்டுமணியளவு கண்ணாடி வில்லைகளை அவரைப் போலத் தேய்த்து எடுக்க அன்றைக்கு ஆளில்லை. ஒரே வில்லை பொருத்திய அவருடைய கருவி ஒரு பொருளை இருநூறு மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டியது. கப்பல்கள் கொண்டுவந்து கொட்டும் மிளகு ஏன் நாக்கில் காரமாகக் குத்துகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மிளகுக்குள் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கிறதோ? மிளகைத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் ஊற விட்டார். பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துத் தன் கருவியில் வைத்துப் பார்த்தார். முள் ஒன்றையும் காணோம். அதற்குப் பதில் எண்ணிலடங்காத குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676-இல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கிருந்த அறிஞர்கள் சட்டென்று நம்பிவிடவில்லை. மறு ஆண்டு நவம்பரில் ராபர்ட் ஹூக் தானும் மிளகுத் தண்ணீர் ஊற வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 1683-ஆம் வருடக் கடிதம். லீவன்ஹூக் தினமும் உப்பால் பல் தேய்த்து, குச்சியால் இடுக்கைக் குத்தி, துணியால் துடைத்து எடுக்கிற ஆள். அப்படியும் கடைவாய்ப் பல் இடுக்கில் வெள்ளையாக மாவு போல் கொஞ்சம் தங்கியிருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தமான மழைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். மறுபடியும் அதே கூத்து! கோல் வடிவில் சில ஈட்டி பாய்ந்தது போல் ஓடின, சில பம்பரமாகச் சுற்றின. தன் நாட்டில் வாழும் மக்களைவிடத் தன் வாயில் வாழும் உயிர்கள் அதிகம் என்று எழுதினார். வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து அவர் பல் அழுக்கையும் வாங்கிப் பார்த்தார். அங்கே நெரிசல் தாங்கவில்லை.

அதோடு விட்டாரா? வினிகரைக் கொண்டு வந்தார். சுரண்டி எடுத்த அழுக்கில் வினிகரைக் கலந்தால் உயிர்கள் உடனே அடங்கிவிட்டன. ஆனால் வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பல் இடுக்கு அழுக்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருந்தவை உயிரோடு திரிந்தன. வெளியில் இருந்தவைதான் செத்திருந்தன, அழுக்கின் உள்ளே வினிகர் போகவே இல்லை என்று சரியாகக் கணித்தார். இன்றைக்கு இதை உயிர்ப்படலம் என்கிறோம். பாக்டீரியாக்கள் தனித்தனியாகத் திரிவதைவிடக் கூட்டமாக ஒரு பரப்பில் ஒட்டி, தங்களைச் சுற்றி வழவழப்பான பசையைச் சுரந்து, அதற்குள் பதுங்கி வாழவே விரும்புகின்றன. பல்லில் படியும் மஞ்சள் படிவும் உயிர்ப்படலம்தான், டம்ளர் அடியில் பார்த்த வழவழப்பும் உயிர்ப்படலம்தான். மேலே மருந்தை ஊற்றினால் போதாது, தேய்த்து எடுக்க வேண்டும். நாம் வாயைக் கொப்பளிப்பதோடு நிறுத்தாமல் பல்லைத் தேய்ப்பதும் இதனால்தான்.

சரி, அந்தக் கூட்டம் எப்படிப் பெருகுகிறது? நல்ல தீனியும் தண்ணீரும் சூடும் கிடைத்தால் நம் குடலில் வாழும் ஒரு வகை பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். நீங்கள் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் 24 தடவை இரட்டிப்பு. ஒன்றில் தொடங்கி 24 தடவை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 1,67,77,216 வரும். பயப்பட வேண்டாம், பிரஷ்ஷில் அவ்வளவு தீனி கிடையாது, இந்த வேகமும் வராது. ஆனால் மூன்று தேவைகளில் சூட்டுக்குக் கொச்சியில் என்றைக்கும் பஞ்சமில்லை. கழுவாத பிரஷ் தீனியைத் தந்துவிடுகிறது. நம் கையில் இருப்பது மூன்றாவது, தண்ணீர்.

ஈரத்தை எடுத்துவிட்டால் எது கெடும், எது கெடாது என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை வைத்தே பிழைத்த ஊர் இது. யூதத் தெருவிலும் பஜார் சாலையிலும் இருக்கும் பழைய பண்டிகசாலைகளின் முற்றங்களில் இஞ்சியைப் பரப்பிச் சுக்காகக் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெண்கள் காலால் துழாவி, முறத்தால் புடைத்து, உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்குவார்கள். மிளகுக்கென்றே முன்பேர வணிகச் சந்தை 1957 முதல் நடந்த இடமும் மட்டாஞ்சேரிதான். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை வெயிலில் காய வைத்து நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு பங்கு ஈரம் மட்டும் நிற்கும்படி செய்தால் மூட்டையில் மாதக் கணக்கில் கெடாது. ஈரம் கூடினால் பூஞ்சை வந்துவிடும், விலையும் போய்விடும். காய்ந்த மிளகுக்குள் பூஞ்சை வித்துகளே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கும். முளைக்கத் தண்ணீர் இல்லாமல் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற இடத்தில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து கூட்டி வந்த வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, வெட்டவெளியில் கட்டிய முறுக்குக் கயிறுகளின் இடுக்கில் துணி நுனியைச் செருகிக் காய விடுவார்கள். கிளிப் கிடையாது. ஒரு வேட்டியை மடிக்காமல் முழு அகலத்துக்கு விரித்துப் போடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு துணிமேல் இன்னொன்றைப் போடமாட்டார்கள். காற்று எல்லாப் பக்கமும் பட வேண்டும். மூட்டையாகக் கட்டி வைத்த ஈரத்துணி ஒரே நாளில் நாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாமோ பிரஷ்ஷை என்ன செய்கிறோம்? நனைந்த கையோடு நனைந்த பிரஷ்ஷுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு, கதவு சாத்திய குளியலறையில், இன்னும் நான்கு ஈரப் பிரஷ்களோடு ஒரே டம்ளரில் நெருக்கி வைக்கிறோம். ஈரத்துணியை மூட்டை கட்டும் வேலைதான் இது.

இங்கே ஒரு பையன் கை தூக்கிவிட்டான். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எதையும் சும்மா விடமாட்டான்.

“அத்தை, மூடி போடலைன்னா ராத்திரி கரப்பான் வந்து ஏறாதா?”

“ஏறலாம்டா.”

“அப்ப மூடித்தானே ஆகணும்?”

நியாயமான கேள்வி. கொச்சியில் கரப்பான் இல்லாத வீட்டை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கரப்பான் எதற்காக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரும் தீனியும் தேடித்தான். பேஸ்ட் ஒட்டிய ஈரப் பிரஷ் அதற்குச் சாப்பாடு, நன்றாக அலசிக் காய்ந்த பிரஷ்ஷில் அதற்கு அதிக வேலையில்லை. இருந்தாலும் பயமென்றால் டம்ளரை விட்டுவிட்டுச் சுவரில் உயரமாக ஒரு கொக்கியிலோ தாங்கியிலோ மாட்டுங்கள். சாக்கடைத் துளைக்கு வலை போடச் சொல்லுங்கள். மூடியே வேண்டும் என்று பாட்டி பிடிவாதமாக இருந்தால் பக்கவாட்டில் நிறைய ஓட்டை உள்ள மூடியாக வாங்குங்கள். ஓட்டையில்லாத மூடி பயணத்துக்கு மட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழற்றிவிட வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இதைத்தான் சொல்கிறது: ஓடும் தண்ணீரில் நன்றாக அலசு, நிமிர்த்தி வை, காற்றில் காய விடு, மூடி வைக்கும் பழக்கம் வேண்டாம், ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வை.

அலசுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. குழாயைத் திறந்து பிரஷ்ஷை ஒரு முறை காட்டிவிட்டு ஓடிவிடக் கூடாது. தண்ணீர் இழைகளின் தூரில் விழ வேண்டும். கழுவிய கட்டைவிரலால் இழைகளை முன்னும் பின்னும் தள்ளிவிட்டால் உள்ளே ஒளிந்த பேஸ்ட் வெள்ளையாகக் கசிந்து வருவதைப் பார்க்கலாம். வெள்ளை நிற்கும்வரை அலசுங்கள். பிறகு வாஷ்பேசினுக்குள்ளேயே மணிக்கட்டைச் சுண்டி நாலு உதறு. தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். டம்ளரையும் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், லீவன்ஹூக்கின் வினிகரை மறக்க வேண்டாம்.

எங்கே வைப்பது? கேரளத்து வீடுகளில் சாப்பாட்டு அறை ஓரமாகக் கை கழுவ ஒரு வாஷ்பேசின் இருக்கும். அதன் பக்கம் ஜன்னல் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கழிவறையோடு சேர்ந்த குளியலறையில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. 1975-இல் சார்லஸ் கெர்பா என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் கழிவறைத் தண்ணீரை இழுத்து விடும்போது என்ன நடக்கிறது என்று சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் எழும்பி, மிதந்து, அறையின் பல பரப்புகளில் படிந்ததைக் கண்டார்கள். வேறு வழியே இல்லை, குளியலறையில்தான் வைக்க வேண்டும் என்றால் கழிவறையிலிருந்து எட்ட வைத்து, கழிவறைக் கோப்பைக்கு மூடி இருந்தால் அதை மூடிவிட்டுத் தண்ணீரை இழுத்து விடுங்கள். மூடினாலும் எல்லாத் துளியும் நின்றுவிடாது என்பதால்தான் எட்ட வை என்கிறேன்.

இப்போது வீட்டில் யாராவது, “வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் முடிந்தது, எதற்கு இத்தனை பேச்சு?” என்பார்கள். கொதிநீரில் நைலான் இழைகள் இளகி வளைந்துவிடும். வளைந்த இழை பல்லைச் சுத்தம் செய்யாது, ஈறைத்தான் குத்தும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாமா? கூடவே கூடாது! நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த உலோகத் தகடுகள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் உலோகம் போனால் தீப்பொறி பறக்கலாம், பிளாஸ்டிக்கும் உருகும். தரை கழுவும் மருந்து, டெட்டால், பிளீச்சிங் பொடி எதிலும் பிரஷ்ஷை ஊற வைக்காதீர்கள். இழைகளுக்குள் தங்கியது நாளைக் காலை வாய்க்குள் போகும். கடையில் புற ஊதா விளக்கு வைத்த பிரஷ் பெட்டி விற்கிறார்கள். அந்த ஒளி பட்ட இடத்தில் கிருமி குறையும் என்பது உண்மை. குஞ்சத்தின் தூரில் நிழல் அல்லவா விழுகிறது? மூடிய பெட்டிக்குள் ஈரமும் நிற்கும். அந்தக் காசுக்கு வீட்டில் எல்லாருக்கும் புதுப் பிரஷ் வாங்கிவிடலாம். வெயில் அடிக்கிற நாளில் பிரஷ்ஷை ஜன்னலோரம் சிறிது நேரம் வைத்தால் சீக்கிரம் காயும், நல்லது. நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. வேப்பங்குச்சியோ ஆலங்குச்சியோ ஒடித்து, மென்று, தேய்த்து, எறிந்துவிடுவார்கள். மலையாளத்து வீடுகளில் உமியை எரித்த கரியோடு உப்பும் மிளகும் சேர்த்து விரலால் தேய்ப்பார்கள், பழுத்த மாவிலையைச் சுருட்டித் தேய்ப்பார்கள், தென்னை ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழிப்பார்கள். எல்லாம் ஒரு நாள் பொருள். எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது. உமிக்கரி பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும் என்பது வேறு விஷயம். ஐரோப்பியர் வெகுகாலம் பன்றி முடி பதித்த பிரஷ்ஷால்தான் தேய்த்தார்கள். முடி தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயவே காயாது, கிருமிக்கு அரண்மனை. 1938-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழையில் பிரஷ் வந்த பிறகுதான் சீக்கிரம் காயும் பிரஷ் மனிதருக்குக் கிடைத்தது. அதற்குப் போய் மூடி போட்டு ஈரமாகவே வைக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு யாராவது பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டால் நான் பொறுப்பல்ல! பிரஷ்ஷில் கிருமி இருப்பது உண்மை. அதனால் நல்ல உடல்நலம் உள்ள ஒருவருக்கு நோய் வந்தது என்று உறுதியாகக் காட்டிய சான்று கிடையாது. அதில் பெரும்பாலானவை உங்கள் வாயிலிருந்தே போனவை. எச்சிலும் உடலின் காவல்படையும் தினமும் அவற்றைச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கின்றன. தேய்க்காத பல்லில் நடக்கும் கேடு இதைவிடப் பலமடங்கு பெரிது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா நீங்கள் தின்ற மிட்டாயின் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லைத் துளைக்கும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களைப் போல எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்கிற கூடுதல் கவனம் வேண்டும்.

உண்மையில் ஆபத்தானது ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் பிரஷ். தேய்க்கும்போது ஈறிலிருந்து கசியும் துளி ரத்தம் வழியாக ஹெப்படைடிஸ் பி போன்ற வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக முடியும். அண்ணன், தம்பி, அம்மா என்று பார்க்கக் கூடாது. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரே நிறத்தில் இரண்டு பிரஷ் தந்துவிடுவார்கள், காலையில் தூக்கக் கலக்கத்தில் எது யாருடையது என்று தெரியாது. கைப்பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அவர் பிரஷ் தனி டம்ளருக்குப் போகட்டும்.

இனி உங்களுக்கு ஒரு சோதனை. கிருமி வளர்க்கும் சோதனை வேண்டாம், அது பள்ளி ஆய்வகத்து வேலை. ஈரத்தைப் பிடிப்போம். ஒரே மாதிரி இரண்டு பழைய பிரஷ் எடுங்கள். இரண்டையும் ஒரே குழாயில் நனைத்து, ஒரே எண்ணிக்கையில் உதறுங்கள். ஒன்றுக்கு மூடி போடுங்கள், மற்றதைத் திறந்தபடி ஜன்னலோரம் நிறுத்துங்கள். ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் டிஷ்யூ காகிதத்தில் இழைகளை அழுத்தி, ஐந்து எண்ணி எடுங்கள். ஈரக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். அன்று மழையா வெயிலா என்பதையும் குறியுங்கள். இதே சோதனையை ஜனவரியில் ஒருமுறை செய்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளியலறைக்குள் ஒன்று, மின்விசிறிக்குக் கீழே ஒன்று என்று சோதனையை நீட்டலாம். சோதித்த பிரஷ்ஷால் பல் தேய்க்கக் கூடாது, சைக்கிள் செயின் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு பிரஷ் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் முழுக்கக் காய நேரம் கிடைக்கும். எத்தனை நன்றாகக் காய வைத்தாலும் மூன்று நான்கு மாதத்தில் பிரஷ்ஷை மாற்ற வேண்டும், இழைகள் அதற்கு முன்பே விரிந்துவிட்டால் முன்பே மாற்ற வேண்டும். எப்போது வாங்கினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் புதுப் பிரஷ் எடுக்கும் அன்றைக்கே அழியாத மையால் கைப்பிடியில் தேதியை எழுதிவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லார் பிரஷ்ஷிலும் எழுதுங்கள், தாத்தாவுடையதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அவருடையது எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.